இருட்டறையில் பேசிய தமிழ்

புனேயில் நான் ஆராய்ச்சி செய்த லேப்பில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அப்படித்தான் நம்பினேன். காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு, அதே ஊரில் ஹடப்சர் பக்கம் ஐ.டி. வேலையில் இருக்கும் என் கணவரிடம் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசுவேன். பக்கத்து மேசையில் ஒரு சீனியர். மராட்டியில் அக்காவை அழைப்பது போல எல்லோரும் அவளைத் தாயி என்போம். என் பேச்சு அவளுக்கு வெறும் சத்தம் என்று நினைத்தேன்.

மயக்க மருந்தாகும் ஸ்டீராய்டு எந்தெந்தப் புரதத்தைப் பிடிக்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. நரம்பு செல்லின் மேலுள்ள ஒரு புரதத்தைப் பிடித்துத் தூங்க வைக்கிறது, அது தெரிந்த கதை. வேறு எதையாவது தொடுகிறதா? புற ஊதா ஒளி பட்டால் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும்படி மருந்தை மாற்றியிருந்தோம். அதுவரை இருட்டறையில், சிவப்பு விளக்கில்தான் அதைத் தொடலாம். ஒருநாள், புரதங்களைத் தனித்தனிப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் என் ஜெல்லில், எதிர்பாராத இடத்தில் ஒரு பட்டை. செல்லுக்குச் சட்டகம் போலிருக்கும் புரதத்தையும் மருந்து பிடிக்கிறது! என் ஆராய்ச்சிப் பட்டத்துக்கு எனக்கென்று கிடைத்த முதல் விஷயம்.

"மாத்தாத சாதா மருந்த நெறைய ஊத்திப் பாக்கோணும். அது எடத்தப் புடிச்சு, இந்தப் பட்டை மறைஞ்சா நெசம். அப்பறந்தான் சார்கிட்டச் சொல்லுவேன்" என்று போனில் கணவரிடம் குதித்தேன். என்னிடமிருந்த புரதம் தீர்ந்திருந்தது. புதிதாகத் தயாராகட்டும் என்று காத்திருந்தேன்.

அடுத்த லேப் கூட்டத்தில் தாயி திரையில் அதே பட்டையைக் காட்டினாள். பக்கத்திலேயே அது மறைந்த ஜெல். எங்கள் வழிகாட்டி சார் கைதட்டாத குறைதான்.

வராந்தாவில் அவளை மறித்து, இந்த யோசனை உனக்கு எப்படித் தோன்றியது என்று ஹிந்தியில் கேட்டேன். பதில் தமிழில் வந்தது.

"நீ சத்தமாத்தானே பேசினே? நான் காதைப் பொத்திக்கிட்டா இருக்க முடியும்? நான் இங்க கண்டோன்மென்ட்ல பொறந்தவ. எங்க வீட்ல தமிழ்தான்."

பட்டை போனதுகூடப் பெரிதில்லை. சில மாதம் முன்பு, அம்மாவுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்த அன்று, அந்த இருட்டறையில் கணவரிடம் சொல்லி அழுதேன். தாயி தண்ணீர் பாட்டிலை நீட்டி, ஹிந்தியில், என்ன ஆச்சு என்று கேட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் கேட்டிருக்கிறாள், பாவி.

மதியம் வழக்கம்போல் கணவர் கூப்பிட்டார். "என்னாச்சு? ஏன் பேச மாட்டீங்கற?"

பக்கத்து மேசையில் தாயி தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள். தமிழில் வாயைத் திறக்க எனக்குப் பயமாக இருந்தது.