ரிக்கிக்கு முடி வெட்டக் கற்றுக்கொண்ட வேலாயுதம் அண்ணன்

காலை பத்து மணியிருக்கும். நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டுகிற என் கடையில் ஒரு லாப்ரடாருக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது ராஜேஸ்வரி அண்ணியிடமிருந்து போன் வந்தது. கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். "தனம், உங்க அண்ணன் பூட்டாரும்மா. டீ குட்ச்சிகினு பேப்பர் பாத்துகினு இருந்தாரு. அப்டியே சாஞ்சிட்டாரு" என்றார். உடனே ஓட வேண்டும் போலிருந்தது. ஆனால் நாயை நுரையோடு விட்டுவிட்டுப் போக முடியாது. கழுவி, துவட்டி, அதன் வீட்டாரை வரவழைத்து ஒப்படைத்த பிறகுதான் ஷட்டரை இறக்கினேன்.

வேலாயுதம் அண்ணனைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவராக அறிந்தவர்கள் திருவொற்றியூரில் நிறையப் பேர் உண்டு. அந்த வாழ்க்கையைப் பற்றி என்னைவிட அவர்களுக்குத்தான் அதிகம் தெரியும். ஓய்வு பெற்ற பின் நான்கு ஆண்டுகள், செவ்வாய்க்கிழமை மதியங்களில் அவர் எங்கே போய்வந்தார் என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

அவருடைய மகன் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனபோது தன் நாயை அப்பா அம்மாவிடம் விட்டுப் போனார். ரிக்கி என்று பெயர். ஷ்னாசர் என்கிற ஜாதி. சாம்பலும் வெள்ளையுமாகக் கலந்த நிறம், சதுர முகம், கண்ணை மறைக்கும் புருவம், மோவாயில் நீண்ட தாடி. அண்ணி அவனைத் தாடிக்காரன் என்றுதான் கூப்பிடுவார். எங்கேயோ ஒரு கடையில் முடி வெட்டக் கொடுத்ததற்கு, தாடி புருவம் எதையும் விடாமல் மொட்டையடித்து அனுப்பிவிட்டார்கள். ரிக்கி மூன்று நாள் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லையாம். மறுபடி முடி வளரும்வரை காத்திருந்துவிட்டு அண்ணன் என் கடைக்கு வந்தார்.

"வெட்டிக்க வர்லம்மா. வெட்டக் கத்துக்க வந்துகீறேன்" என்றார்.

நான் அப்போது கடை போட்டு எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. பதினேழு வருடம் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் கத்தரிக்கோல் பிடித்தவள். கம்பெனியை மூடியதும் மூன்று மாதப் பயிற்சிக்குப் போய் இந்தத் தொழிலுக்கு வந்தேன். லாப்ரடார், பொமரேனியன், ஷீ ட்சூ என்று கையில் பழகியவை கொஞ்சம்தான். ஷ்னாசரைப் படத்தில் பார்த்ததோடு சரி. ஆனால் வந்தவரைத் திருப்பி அனுப்பப் பயம். "உங்களுக்கு இது தெரியுமா?" என்று அவர் கேட்டபோது, "தெரியும் சார்" என்று சொல்லிவிட்டேன்.

"சார் வாணாம். யாரையோ கூப்டறாப்ல கீது. அண்ணேன்னே கூப்டு."

முதல் நாள் மேசைமேல் ரிக்கியை நிறுத்தி, முதுகில் மெஷினை ஓட்டினேன். அதுவரை சரியாகவே போனது. அவர் பக்கத்தில் நின்று, முடி போகும் திசையிலேயே மெஷினும் போவதைக் கவனித்துக்கொண்டிருந்தார். தோளுக்கு வந்தேன். நிறுத்தியிருக்க வேண்டும். ஷ்னாசருக்கு முதுகுதான் ஒட்ட வெட்டுவது. காலில் முடியை நீளமாக விட்டு, கத்தரிக்கோலால் தூண் மாதிரி உருட்டி எடுக்க வேண்டும். அது எனக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம் இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்ற வேகத்தில் முன்னங்காலிலும் மெஷினை ஒரே இழுப்பாக இழுத்துவிட்டேன். மூன்று கால் பொசுபொசுவென்று இருக்க, ஒரு கால் மட்டும் கோழிக்கால் போல நின்றது. ரிக்கி குனிந்து அதை மோந்து பார்த்தான்.

"இது இப்டித்தானா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். "இல்லண்ணே. எனக்குத் தெரியாது. இந்த ஜாதிய நான் வெட்டினதே இல்ல" என்று சொல்லி அழுதுவிட்டேன்.

அவர் திட்டவில்லை. ரிக்கியை மேசையிலிருந்து இறக்கிவிட்டு, முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கிரேனில் ஏறிய முதல் மாதம் நடந்ததைச் சொன்னார். புது மாதிரி வண்டி ஒன்றைக் கொடுத்து, "ஓட்டுவியா?" என்று கேட்டிருக்கிறார்கள். கூச்சப்பட்டுக்கொண்டு ஓட்டுவேன் என்றிருக்கிறார். தூக்கிய இரும்புக் கட்டு காற்றில் ஆடி, கீழே நின்ற தன் தோஸ்தின் தலைக்கு ஒரு முழம் மேலே போயிருக்கிறது. "அவன் குனிஞ்சதால பொழச்சான். நான் ஒன்னியும் பண்ல. அன்னிக்கு ராத்திரி சோறு எறங்கல. தெரியாதுன்னு சொல்லிகினா ஒரு நாள் சிரிப்பானுங்க, அவ்ளோதான். இன்னா இப்போ, முடிதானே? வளரும். ரெண்டு பேரும் சேந்து கத்துக்கலாம், வா."

அப்படித்தான் தொடங்கியது. முன்னங்கால் முடி வளர மூன்று மாதம் பிடித்தது. அந்த மூன்று மாதமும் தெருவில் யாராவது ரிக்கியின் காலைப் பற்றிக் கேட்டால், "புது ஷ்டைலு" என்று அண்ணன் முகம் மாறாமல் சொல்வாராம்.

செவ்வாய்க்கிழமை மதியம் என் கடையில் கூட்டம் இருக்காது. இரண்டு மணிக்கு வந்துவிடுவார். ஷாம்பு அடுக்கிய தட்டில் போனைச் சாய்த்து வைத்து, யாரோ ஒரு வெளிநாட்டுக்காரி வெட்டுகிற வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்ப்போம். அவள் பேசுவது எங்கள் இரண்டு பேருக்கும் பாதிதான் புரியும். கையைப் பார்த்துக் கற்றுக்கொண்டோம். சீப்பை முடியின் நுனியில் மட்டும் ஓட்டினால் மேலே ஷோக்காகத் தெரியும், உள்ளே சிக்கு அப்படியே கிடக்கும் என்பதை ரிக்கியின் அக்குளில்தான் கண்டுபிடித்தோம். வேரிலிருந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து வாரவேண்டும். மெஷினின் பிளேடு ஓட ஓடச் சூடேறும். அண்ணன் இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை அதைத் தன் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்ப்பார். சுட்டால் ஆறும்வரை தொடமாட்டார். "எனக்கு சுட்டா அதுக்கும் சுடும். அது சொல்லாது, அதான் பேஜாரு."

கத்தரிக்கோலில் கட்டைவிரல் மட்டும்தான் அசைய வேண்டும், மற்ற விரல்கள் அசையக்கூடாது. நான் துணி வெட்டிப் பழகியவள், முழுக் கையும் போகும். அவருக்கோ கனமான கை. இரண்டு பேருக்குமே வரவில்லை. வீட்டில் இருந்த தேங்காய்நார் மிதியடியை வைத்துப் பழகச் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து அண்ணி போன் செய்தார். "தனம், இன்னா சொல்லிக் குட்த்த நீ? எங்க வூட்ல ஒரு மிதியடி உருப்படியா இல்ல. எல்லாத்துக்கும் கிராப்பு வெட்டி வெச்சிகீறாரு."

அண்ணி ரிக்கிக்கு நெத்திலிக் குழம்புச் சோறு போடுவார். தாடி முழுக்கக் குழம்பு காய்ந்து கெட்டியாகி, நாற்றமெடுத்து, கடைக்குள் வரும்போதே தெரிந்துவிடும். அண்ணன் அண்ணியிடம் சண்டை போடவில்லை. ஒவ்வொரு வேளையும் அவன் சாப்பிட்டதும் வெதுவெதுப்பான தண்ணீரில் தாடியைக் கழுவித் துடைக்கத் தொடங்கினார். "கலீஜா இருந்தா எவன் கொஞ்சுவான்? தொடச்சி வுட்டா அவளே மடில வெச்சிக்கிறா" என்றார். நாயென்றால் ஒதுங்கிப் போகிற அண்ணி, அந்த வருடக் கடைசியில் தாடிக்காரனோடு சோபாவில் உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

புருவத்தைத்தான் இரண்டு பேரும் தள்ளிக்கொண்டே வந்தோம். முடியை முன்னால் வாரிவிட்டு, கத்தரிக்கோலைச் சாய்த்துப் பிடித்து ஒரே வெட்டாக வெட்டவேண்டும். அரை அங்குலம் தள்ளி கண். கடைக்கு வெளியே கன்டெய்னர் லாரிகள் போகிற ரோடு. எந்த நேரத்தில் ஹாரன் அடிப்பான் என்று தெரியாது. ரிக்கி தலையைத் தூக்கினால் முடிந்தது. "நீ புடி, நான் வெட்றேன்" என்றார் அண்ணன். நான் தாடியோடு சேர்த்து மோவாயைப் பிடித்துக்கொண்டேன். அவர் உடனே வெட்டவில்லை. லாரி ஒன்று வந்தது, போனது. இன்னொன்று. அவர் கத்தரிக்கோலை மடியில் வைத்துக்கொண்டு ரிக்கியின் மூச்சைப் பார்த்தபடி இருந்தார். கால் மணி நேரம் இருக்கும். ரோடு ஓய்ந்து, ரிக்கி ஒரு பெருமூச்சு விட்டுத் தலையை என் கையில் தொங்கவிட்ட அந்த நொடியில் 'கிரிச்' என்று ஒரு சத்தம். பிறகு மறுபக்கம்.

இடது புருவம் வலதைவிடக் குட்டையாகிவிட்டது. ரிக்கி எதையோ சந்தேகப்படுகிற மாதிரி எங்களைப் பார்த்தான். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். ஆனாலும் அது ஷ்னாசர் முகம். வீடியோவில் பார்த்த அதே முகம். அண்ணன் மகனுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினார். "யாருப்பா வெட்டினாங்க?" என்று மகன் கேட்க, "நாங்கதான்" என்றார். 'நான்' என்று சொல்லவில்லை.

அண்ணன் கடைசியாக வந்தபோது என்னைக் கிட்டேயே விடவில்லை. குளிப்பாட்டியது, உலர்த்தியது, மெஷின், கால், தாடி, புருவம், நகம் எல்லாம் அவரே. இரண்டரை மணி நேரம். முடித்துவிட்டு, "கொறை சொல்லு" என்றார். நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். பின்னங்கால் ஒன்று லேசாகத் தடிமனாக இருந்தது. சொன்னேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். "கரீட்டு. எனக்கும் அங்கதான் டவுட்டு" என்று சொல்லி அதையும் சரிசெய்துவிட்டுப் போனார்.

காரியம் முடிந்த பிறகு வீட்டுக்குப் போயிருந்தேன். நாயை நல்ல இடமாகப் பார்த்துக் கொடுத்துவிடலாமா என்று மகன் கேட்டுக்கொண்டிருந்தார். "தாடிக்காரன் எங்கியும் போவ மாட்டான். எனுக்கு யாரு கீறா?" என்றார் அண்ணி. அதோடு பேச்சு முடிந்தது. இப்போது அண்ணிதான் ஆட்டோவில் அவனை அழைத்து வருகிறார். அண்ணனுக்காகப் பெரிய துக்கத்தோடு ஒன்றும் நாங்கள் உட்கார்ந்திருப்பதில்லை. அவர் வெட்டிய மிதியடிகளைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டே வேலை நடக்கிறது.

சென்ற வாரம் மாதவரத்திலிருந்து ஒரு பெண் வெஸ்டி என்கிற வெள்ளை நாயைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "இதுக்கு வெட்டத் தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"தெரியாதும்மா. இதுவரைக்கும் வெட்டினதில்ல. நீங்க கூட இருந்தீங்கன்னா மெதுவா, பாத்துப் பாத்து வெட்டறேன். இல்ல, தெரிஞ்ச கடைதான் வேணும்னா தப்பா நெனைக்க மாட்டேன்" என்றேன்.

அவள் என்னையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, "எங்க புடிச்சிக்கணும், சொல்லுங்க" என்றாள்.

குரல் தாழாமல், கண்ணைப் பார்த்து, தெரியாது என்று சொல்ல எனக்கு வந்திருக்கிறது. வேலாயுதம் அண்ணனிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டது அதுதான்.