டானியல் ஏன் கல்லூரியை விட்டுப் போனான்?

போன கிழமை முருங்கைக்காய் வாங்கத் தெற்கு லண்டனில் நோர்பரிக்குப் போனேன். எங்கள் குடும்ப நண்பர் சிவபாலன் அண்ணையின் கடையில், லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு புதுப் படம். தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கதவளவு அகலத் தோளோடு ஒரு இளைஞன் நிற்கிறான்.

எனக்கு முன்னால் நின்ற பெண் கேட்டார்.

“ஆர் அண்ணை இது?”

“என்ர மருமகன். அமெரிக்காவில இருக்கிறார்.”

“விளையாடுறவரோ?”

“இல்லை. நிக்கிறவர்.”

அண்ணை பகிடி விடவில்லை. உண்மையைத்தான் சொன்னார். ஒரு பெரிய கிளப்பில் சம்பளம் வாங்கிக்கொண்டு, மைதானத்தின் கரையில் நிற்கிறான் டானியல். இன்னும் ஒரு பந்துகூட எறியவில்லை. ஏன் என்று கேட்டால் கதை தை மாதத்துக்குப் போகும்.

டானியல் அண்ணையின் தங்கை வசந்தியின் மகன். வசந்தி லண்டனில் நர்ஸாக இருந்து, ஒரு அமெரிக்கரைக் கலியாணம் செய்து அங்கே போனவர். மகன் அங்கே கல்லூரியில் அமெரிக்கன் புட்போல் விளையாடினான். குவாட்டர்பேக்.

அப்படியென்றால்? எனக்கும் தெரியாது. அவனே ஒருநாள் சாப்பாட்டு மேசையில் உப்புப் போத்தலையும் மிளகுத்தூள் போத்தலையும் நகர்த்தி நகர்த்தி விளங்கப்படுத்தினான். பந்து முதலில் குவாட்டர்பேக்கின் கைக்கு வரும். எதிரணிக்காரர் அவனை விழுத்த ஓடி வருவார்கள். அதற்குள் யாருக்கு எறிவது என்று அவன் முடிவெடுக்க வேண்டும். இரண்டு நொடி, மிஞ்சினால் மூன்று நொடி.

“மூண்டு நொடிக்குள்ளயோ? எனக்கு மீன் வாங்கவே அரை மணித்தியாலம் வேணும்” என்றார் மலர் அக்கா. அண்ணையின் மனைவி. முதியோரைப் பராமரிக்கும் ஒரு கெயார் ஹோமில் ஷிப்ட் வேலை.

அப்படி நொடியில் முடிவெடுக்கிற பிள்ளைதான், ஒரு முடிவை எடுக்க முடியாமல் தாய்மாமன் வீட்டுக்கு வந்திருந்தான்.

விஷயம் இதுதான். நாலு வருஷப் படிப்பில் மூன்று முடிந்திருந்தது. தொழில்முறைக் கிளப்புகள் ஒவ்வொரு சித்திரையிலும் புதிய ஆட்டக்காரரைத் தெரிவு செய்யும். அதற்கு ‘டிராப்ட்’ என்று பெயர். கடைசி வருஷத்தை விட்டுவிட்டு இப்போதே போவதென்றால், தை மாத நடுப்பகுதிக்குள் பெயர் கொடுக்க வேண்டும். போய்விட்டால் கல்லூரி அணிக்குத் திரும்ப ஏலாது. வீட்டில் போன் ஓயாமல் அடிக்கிறது — ஏஜென்ட்மார், பத்திரிகைக்காரர். தகப்பன் போ என்கிறார். தாய் டிகிரியை முடி என்கிறார். “கொஞ்ச நாள் அண்ணையிட்டை இருந்து யோசி” என்று வசந்திதான் பிளேன் ஏற்றிவிட்டிருந்தார்.

டிராப்ட் என்ற சொல்லைக் கேட்டு மலர் அக்கா முதலில் நடுங்கிப்போனாராம். கட்டாயமாக ராணுவத்துக்கு ஆள் எடுப்பதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான்; ஈராக்கில் சண்டை நடக்கிற காலம் வேறு. “ஆமிக்குப் பிடிக்கப் போறாங்களோ?” என்று வசந்தியிடம் போனில் அழுதிருக்கிறார். எங்கள் ஊர்ப் பெண்ணுக்கு இந்தச் சொல் வேறெப்படிக் கேட்கும்?

அண்ணையின் நிலைப்பாடு தினமும் மாறியது.

திங்கட்கிழமை: “தம்பி, படிப்பை மட்டும் விடாதை.”

அடுத்த நாள் டானியல் சொன்னான், கடைசி வருஷத்தில் முழங்கால் போனால் எல்லாம் போய்விடும் என்று.

“அப்ப என்னத்துக்கு நிக்கிறாய்? உடன போ.”

புதன்கிழமை கடைக்கு வந்த ஒரு அக்கவுண்டன்ட் ஏதோ சொல்ல, அண்ணை மறுபடியும் படிப்புக்கு வந்துவிட்டார்.

சனிக்கிழமை பின்னேரம் நான் போனபோது சமையலறையில் எல்லோரும் இருந்தார்கள். டானியல் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தான். அந்தக் கையில் கத்தி பல்லுக்குத்தும் குச்சி மாதிரி இருந்தது. மலர் அக்கா அடுப்பைப் பார்த்தபடி சாதாரணமாகக் கேட்டார்.

“நீ போனா உன்ர இடத்தில ஆர் விளையாடுவினம்?”

கத்தி நின்றது.

டானியலுக்குத் தமிழ் விளங்கும்; பேச்சு ஆங்கிலத்தில்தான் வரும். அவன் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன்.

“மார்க்கஸ், மாமி. என்னோட ஒரே அறையில இருக்கிறவன்.”

“அவன் இப்ப விளையாடுறேல்லையோ?”

“ஒரு நேரத்தில ஒரு குவாட்டர்பேக்தான். மூண்டு வருஷமா எனக்குப் பின்னால நிக்கிறான். நான் செய்யிற பயிற்சி எல்லாம் செய்வான். மேட்ச் அண்டைக்கு உடுப்புப் போட்டுக்கொண்டு கரையில நிப்பான்.”

“அவனுக்கு இன்னும் எத்தினை வருஷம்?”

“என்னைப்போலத்தான். ஒண்டு.”

“அப்ப நீ இருந்தா அவன் கடைசி வரைக்கும் விளையாடான்.”

இத்தனை நாளாக வீடு முழுக்க, கடை முழுக்க, அத்திலாந்திக் முழுக்க நடந்த விவாதத்தில் இந்தப் பொடியன் வரவேயில்லை. டிகிரி வந்தது. முழங்கால் வந்தது. மார்க்கஸ் வரவில்லை.

“அவன் என்ன சொல்லுறான்?” என்று நான் கேட்டேன்.

“இரு எண்டு சொல்லுறான் ஆன்ட்டி. ஒவ்வொரு நாளும்.”

டானியல் மொபைலை எடுத்துக்கொண்டு, மார்க்கஸோடு கதைக்கப் பின்வளவுக்குப் போனான். நல்ல குளிர். ஜம்பர்கூடப் போடவில்லை. யன்னலுக்குள்ளால் நாங்கள் மூன்று பேரும் வெட்கமில்லாமல் பார்த்துக்கொண்டு நின்றோம். நடந்தான். நின்றான். நெற்றியைத் தேய்த்தான். உள்ளே வந்தபோது முகம் சிவந்திருந்தது — குளிராலா வேறெதாலா என்று தெரியவில்லை.

“மார்க்கஸ் கோவிச்சிட்டான்.”

“ஏன்?”

“எனக்காகப் போறதெண்டால் போகாதை எண்டான். உன்ர பிச்சை எனக்கு வேண்டாம். உனக்குப் போகவேணுமெண்டால் போ. என்னைச் சாட்டாதை எண்டு சொல்லிப்போட்டுப் போனை வச்சிட்டான்.”

மலர் அக்கா மெல்லச் சொன்னார்: “நல்ல பொடியன்.”

நல்ல பொடியன்தான். ஆனால் பாருங்கள், டானியலின் நிலை இன்னும் மோசமாகிவிட்டது. போவதற்கு ஒரு கௌரவமான காரணம் கிடைத்தது. கிடைத்த கையோடு மார்க்கஸே அதைப் பறித்தும்விட்டான்.

இரண்டு நாள் கழித்து, அவனுக்குக் காலணி வாங்க ஸ்ட்ரெதமுக்குக் காரில் கூட்டிப் போனேன். டிராபிக்கில் பஸ்ஸுக்குப் பின்னால் நின்றபோது தானாகவே பேசினான்.

“ஆன்ட்டி, டிகிரிக்காகத்தான் இருக்க யோசிக்கிறன் எண்டு எல்லாருக்கும் சொன்னன். அது பொய். கம்பசில நான் நடந்து போனா எல்லாரும் திரும்பிப் பார்ப்பினம். பெரிய கிளப்புக்குப் போனா நான் ஆரோ ஒருத்தன். என்னைவிடக் கெட்டிக்காரர் நிறையப் பேர் இருப்பினம். அதுக்குப் பயத்திலதான் இருக்க நினைச்சன்.”

“அப்ப போகப்போறியோ?”

“தெரியாது. பயத்தில இருக்கிறதும் பிழை. பயமில்லை எண்டு காட்டுறதுக்காகப் போறதும் பிழை.”

இருபத்தொரு வயசு. அந்த வயசில் எனக்கு இப்படி ஒரு வசனம் வாயில் வந்திருக்குமா? இந்த வயசிலும் வராது.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்னே, போவதென்று சொன்னான். ஏன் என்று சொல்லவில்லை. வசந்தி இரண்டு நாள் மகனோடும் கதைக்கவில்லை, அண்ணையோடும் கதைக்கவில்லை. பிறகு ஒரு நிபந்தனை போட்டார்: மிச்சப் பாடங்களை ஆட்டமில்லாத மாதங்களில் படித்து முடிக்க வேண்டும். அவன் ஓம் என்றான்.

சித்திரை வந்தது. டிராப்ட் இரண்டு நாள், ஏழு சுற்றுகளாக நடந்தது; கெட்டிக்காரரை முதல் சுற்றுகளிலேயே எடுத்துவிடுவார்கள். அண்ணை வீட்டுக் கம்ப்யூட்டருக்கு முன்னால் நாங்கள் எல்லோரும் குந்தியிருந்தோம். பெயர்ப் பட்டியல் வருகிற பக்கத்தை நான் திரும்பத் திரும்பத் திறந்தேன். மூன்றாவது சுற்றிலாவது எடுப்பார்கள் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தாராம். முதல் நாள் பெயர் வரவில்லை. அண்ணை சாப்பிடாமல் மேலே போய்ப் படுத்துவிட்டார்.

இரண்டாம் நாள் பின்னேரமும் போய்க்கொண்டே இருந்தது. யார் யாரோ பெயர்கள். கடைசிச் சுற்றுகளில் ஒன்றில், நான் ஏறக்குறைய கைவிட்ட நேரத்தில், எங்கள் பிள்ளையின் பெயர் வந்தது. மலர் அக்கா என் தோளைப் பிடித்து அமத்தினார். வலித்தது.

அந்தக் கிளப்பில் அவனுக்கு முன்னால் இரண்டு குவாட்டர்பேக்குகள். இவன் மூன்றாவது. அதனால்தான் கடையில் அண்ணை சொன்னார் — நிக்கிறவர்.

பழைய கல்லூரியிலோ, மார்க்கஸ் விளையாடத் தொடங்கிவிட்டான். முதல் மேட்ச் போன சனிக்கிழமை. அன்றைக்கு டானியல் தன் அணியோடு ஏதோ ஊரில் ஹோட்டலில் தங்கியிருந்திருக்கிறான். அறைக்குள் தனியாக இருந்து டிவியில் முழு ஆட்டத்தையும் பார்த்தானாம். ஞாயிற்றுக்கிழமை நான் நோர்பரியில் இருந்த நேரம் அவனுடைய போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்கள்.

“மார்க்கஸ் வெண்டவனோ?” — மலர் அக்கா.

“தோத்திட்டான் மாமி. மூண்டு பந்தை எதிரணிக்காரன்ர கையிலயே எறிஞ்சவன். ஆட்டம் முடிய எனக்குத்தான் முதல் போன் எடுத்தான். ஒரு மணித்தியாலம் கதைச்சான். ஒவ்வொரு எறியையும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சான். அவன் இவ்வளவு கதைச்சு நான் கேட்டதில்லை.”

நான் சும்மா இருப்பேனா? மாதக்கணக்காக அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன். “டானியல், உண்மையைச் சொல்லு. கடைசியில ஏன் போனனீ? மார்க்கசுக்காகவோ, பயத்தை வெல்லவோ, முழங்காலுக்காகவோ?”

அங்கே ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

“ஒவ்வொரு கிழமையும் வேறொரு காரணம்தான் உண்மை மாதிரி இருக்கு ஆன்ட்டி. இந்தக் கிழமை மார்க்கஸ். தோத்ததால இல்லை. சிரிச்சதால.”

நாமெல்லாம் காரணம் பார்த்து முடிவெடுக்கிறவர்கள் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். லண்டனுக்கு ஏன் வந்தாய், அந்த வேலையை ஏன் விட்டாய் என்று யாராவது கேட்டால் உடனே ஒரு காரணம் சொல்கிறோமே... அது எந்தக் கிழமைக் காரணம்?

நான் இப்படி யோசித்துக்கொண்டிருக்க, மலர் அக்கா போனுக்குக் கிட்டக் குனிந்தார்.

“அதெல்லாம் கிடக்கட்டும் தம்பி. உனக்கு முன்னால நிக்கிற ரெண்டு பேரும் எப்ப போவினமாம்?”