மூன்றாம் வகுப்பின் அமைதி

மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு அந்தப் பள்ளியில் நல்ல பெயர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரைமணி நேரம் வாசிப்பு நேரம். பிள்ளைகள் அலமாரியிலிருந்து ஆளுக்கொரு கதைப் புத்தகத்தை எடுத்துத் தாங்களாகவே வாசிக்க வேண்டும், டீச்சர் சுற்றிவந்து பார்க்க வேண்டும். மற்ற வகுப்புகள் அந்த நேரத்தில் சந்தைக்கடையாக இரையும். இவர் வகுப்பில் மட்டும் மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்காது. போய் அந்த வகுப்பைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று தலைமையாசிரியை மற்ற டீச்சர்களைக் கடிந்துகொள்வார்.

கற்றுக்கொள்ள அங்கே என்ன இருந்தது? டீச்சர் தூங்கிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். கணவர் படுத்த படுக்கை. இரவெல்லாம் அவரைப் புரட்டிப் படுக்க வைத்து, துடைத்து, துணி மாற்றி, விடிந்ததும் அடித்துப்பிடித்துப் பள்ளிக்கு ஓடிவருகிறவருக்கு உடம்பைச் சாய்க்கக் கிடைத்தது அந்த அரைமணிதான். மடியில் ஒரு புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிடுவார். பாவம்தான். தப்பும்தான்.

காவலுக்கு ஒரு சிறுமி இருந்தாள். முன்வரிசைக்காரி. மற்ற பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் குட்டி போலீஸ். எவனாவது கிசுகிசுத்தால் ஒரு முறைப்பு முறைப்பாள், வாய் தானாக மூடிக்கொள்ளும். வராந்தாவில் தலைமையாசிரியையின் செருப்புச் சத்தம் கேட்டால் மேசையை மெல்லத் தட்டி டீச்சரை எழுப்பிவிடுவாள். அவளுடைய அம்மா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். மகள் எப்படிப் படிக்கிறாள் என்று ஒருநாள் வேலைக்கு நடுவில் ஓடிவந்து கேட்டாள்.

"அவளப் பத்திக் கவலையே படாதீங்கம்மா. புத்தகத்த எடுத்தா தலை நிமிர மாட்டா" என்று டீச்சர் கண்ணால் கண்டதுபோலச் சொல்லி அனுப்பினார். அந்தத் தாய் முகமெல்லாம் சிரிப்பாகப் போனாள்.

ஆண்டுத் தேர்வு நெருங்கிய சமயம் நாத்தனார் வந்து ஓர் இரவு தம்பியைப் பார்த்துக்கொண்டாள். டீச்சர் பல மாதங்களுக்குப் பிறகு விடியும்வரை தூங்கினார். அதனால் மறுநாள் வாசிப்பு நேரத்தில் கண் சொக்கவில்லை. சரி, வகுப்பையாவது பார்ப்போம் என்று பார்த்தார். குட்டி போலீசின் கண் புத்தகத்தில் இல்லவே இல்லை. பக்கத்தில் இருந்தவள் தாளைப் புரட்டும்போதெல்லாம் இவளும் புரட்டிக்கொண்டிருந்தாள்.

அருகே கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். ஆற்றைக் கடக்கப் போன ஆட்டின் கதையை அவள் கடகடவென்று ஒப்பித்தாள். டீச்சர் படத்தை உள்ளங்கையால் மறைத்துக் கீழே இருந்த வரியைக் காட்டினார். எழுத்து எழுத்தாக விரலால் தடவினாள். தனித்தனி எழுத்து கொஞ்சம் தெரிந்தது, கூட்டிப் படிக்க வரவில்லை.

அமைதியைக் கண்டு ஏமாறுவதில் பள்ளிக்கூடங்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. சத்தம் போடுகிற பிள்ளைக்கு ஆயிரம் கவனிப்பு, சும்மா இருக்கிற பிள்ளைக்கு நல்ல பெயர். அந்த நல்ல பெயரோடு இவள் அடுத்த வகுப்புக்குப் போய்விடுவாள். அதன் பிறகு எழுத்துக் கூட்டச் சொல்லித் தர அங்கே யாருக்கு நேரம்?

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லலாம்னுதான் வந்தேன் டீச்சர். நீங்க தூங்கிட்டு இருந்தீங்க."

குற்றம் சொல்கிற குரலில்லை. அதுதான் டீச்சரைக் கொன்றது. நாளையிலிருந்து இந்த அரைமணி முழுக்க உனக்குத்தான் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். மனதாரத்தான் சொன்னார்.

அன்று மாலையே நாத்தனார் ஊருக்குக் கிளம்பிவிட்டாள். கணவருக்கு இரவெல்லாம் இருமல். மறுநாள் டீச்சர் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுச் சிறுமியை உட்காரவைத்தார். முதல் வரியை இருவருமாகத் தட்டுத்தடுமாறிக் கூட்டி முடித்தார்கள். இரண்டாவது வரிக்கு வந்தார்கள்.

மணிச் சத்தத்தில் டீச்சர் திடுக்கிட்டு விழித்தார். வகுப்பில் ஒரு சத்தமில்லை. அவள் பக்கத்திலேயே இருந்தாள். ஒரு விரல் இரண்டாவது வரியில், நிறுத்திய இடத்திலேயே இருந்தது. இன்னொரு கை விரலை உதட்டின்மேல் வைத்து அவள் வகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.