பிரேக்கர் டிரிப் ஆகலையே, அக்கா

தாராவியில் நான் எலக்ட்ரீஷியன். வீட்டிலேயே தையல் வேலை செய்யும் செல்வி அக்காவுக்குப் புதிதாக வயரிங் செய்தபோது, வயரில் தீப்பொறி கிளம்பினால் தானாகவே கரண்டைத் துண்டிக்கும் பிரேக்கரை மாட்டினேன். "இனி தீப்பிடிக்கும்ங்கிற பயமே வேண்டாம்க்கா" என்று பெருமையாகச் சொன்னேன்.

ஒரு மாதம் கழித்து அக்கா போன் செய்தார். "தம்பி, இஸ்திரிப்பெட்டி பிளக்குல கருகுத வாடை அடிக்கி. ஒரு எட்டு வந்து பாரேன்."

நான் தொலைவில், வாஷியில் வேலையில் இருந்தேன். "பிரேக்கர் டிரிப் ஆச்சா?"

"இல்லியே."

"அப்போ ஒண்ணுமில்லக்கா."

மறுநாள் மதியம் அக்கா பிளக்கைப் பிடுங்கும்போது, உருகியிருந்த பிளாஸ்டிக் அவருடைய வலது உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. கேள்விப்பட்டதும் ஓடிப்போய் சாக்கெட்டைக் கழற்றினேன். உள்ளே ஒரு ஸ்குரூ லூசாக இருந்தது. அந்த இடம் மெல்ல மெல்லச் சூடேறி உருகியிருக்கிறது. பொறி கிளம்பாததால் பிரேக்கருக்கு எதுவும் தெரியவில்லை. அக்காவின் மூக்குக்குத் தெரிந்திருந்தது.

"மிஷின் கோளாறுக்கு நீ என்னப்பா செய்வ?" என்று கட்டுப்போட்ட கையோடு அவர்தான் என்னைத் தேற்றினார்.

இரண்டு மாதம் அவரால் கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை. இப்போதெல்லாம் யாராவது வாடை என்று சொன்னால் உடனே கிளம்பிவிடுகிறேன். ஆனால், அந்த ஸ்குரூவைச் சரியாக முடுக்காமல் விட்டவன் நான்தான் என்பதை அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.