லாவண்டர் வாசமடித்த சேஃப்டி பெல்ட்

டெல்மர் ஸ்வோபோடாவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை விஸ்கான்சினின் வடபகுதி இதுவரை பெற்றதில்லை. இனிமேல் பெறவும் அதற்குத் தெம்பில்லை. அவனுக்குக் கோழி என்றால் பயம். பல் டாக்டர் என்றால் பயம். சலூனில் கத்தரிக்கோல் காதுப் பக்கம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு பிரார்த்தனை செய்வான். தொழில் பால் டேங்கர் ஓட்டுவது. பண்ணை பண்ணையாகப் போய்ப் பாலை ஏற்றி, பாலாடைக்கட்டி ஆலையில் கொண்டுபோய் இறக்க வேண்டும். வழியில் ஆற்றுப் பாலம் வந்தால் வண்டியை ஓரங்கட்டி, கீழே இறங்கி, பாலத்தை இரண்டு உதை உதைத்துப் பார்த்துவிட்டுத்தான் மேலே ஏற்றுவான். அதற்குள் பின்னால் நிற்கிற வண்டிகளின் வரிசை கனடா எல்லையைத் தொட்டுவிடும்.

கல்யாணப் பேச்சைக்கூட அவன் எடுக்கவில்லை. லோர்னாதான், "டெல், நீ கேக்கப்போறியா, இல்ல நானே கேட்டுத் தொலைக்கட்டுமா?" என்றாள். "நீயே கேளேன், எனக்குத் தொண்டை கட்டியிருக்கு" என்றான். அந்தத் தொண்டைக்கட்டு இன்னும் சரியாகவில்லை.

அப்பேர்ப்பட்டவன் செப்டம்பர் பாதியில் வில் அம்பால் மான் வேட்டையாடும் காலம் தொடங்கியதும் ஓக் மரத்தில் ஏறிவிடுவான். சும்மா இல்லை, இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் இன்னும் ஓர் ஆள் உயரம். அடிமரத்தில் வாரால் இறுக்கிக் கட்டிய இரும்புப் பரண், அதில் ஒரு சின்ன இருக்கை. சேஃப்டி பெல்ட்டைத் தோளிலும் தொடையிலும் மாட்டி, அதன் கயிற்றை மரத்தோடு பிணைத்துவிட்டால் டெல்மர் வேறு ஆள். கோழியும் பாலமும் பல் டாக்டரும் கீழேயே நின்றுவிடுவார்கள். அவன் பயத்துக்கு மரம் ஏறத் தெரியாது.

இந்த வருஷம் அதுவும் கற்றுக்கொண்டது.

தொடக்க நாளுக்கு முந்தின வாரம் லோர்னா ஒரு நல்ல காரியம் செய்தாள். சேஃப்டி பெல்ட்டில் மூன்று வருஷ வியர்வை. கராஜுக்குள் போனால் பூனை மயங்கி விழுந்தது. எடுத்து வாஷிங் மெஷினில் போட்டு, லாவண்டர் திரவத்தைத் தாராளமாக ஊற்றித் துவைத்து வெயிலில் உலர்த்திவிட்டாள்.

வேட்டைக்குப் போகும் வீடுகளில் இது கொலைக்குச் சமம். எங்கள் ஆட்கள் ஆகஸ்டிலிருந்தே வாசமில்லாத சோப்பில்தான் குளிப்பார்கள். வேட்டைச் சட்டையைப் பைன் இலையோடு பெட்டியில் போட்டு ஊறுகாய் மாதிரி மூடி வைப்பார்கள். பெட்ரோல் போட்டால்கூட கையுறை. காரணம், மானின் மூக்கு. நீ நேற்றுத் தின்ற வெங்காயம் வெள்ளையா சிவப்பா என்று அது சொல்லிவிடும்.

"லாவண்டரா!" என்று டெல்மர் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். "ஏன்டி, இத மாட்டிட்டு மரத்துல உக்காந்தா மானு வராதுடி, பாட்டிமாருங்கதான் வருவாங்க!"

"வரட்டுமே, உனக்குத் துணையா இருக்கும். பெல்ட் போடாம ஏறினேன்னு மட்டும் தெரிஞ்சுது, டெல், நீ விழ வேணாம், நானே தள்ளிவிடுவேன்."

"போட்டுக்கறேன் தாயே."

சனிக்கிழமை மதியம் மச்சான் கர்ட் நாகெலின் பிக்கப்பில் இருவரும் காட்டோரம் போய் இறங்கினார்கள். கர்ட், லோர்னாவின் அண்ணன். மரம் அறுக்கிற ஆள். ஆள் அகலம், குரல் அதைவிட அகலம். டெல்மர் பையைத் திறந்ததுமே கர்ட் மூக்கைப் பொத்தினான்.

"மாப்ள, என்னடா இது? கல்யாணப் பொண்ண யாரையாவது பைக்குள்ள போட்டுக் கொண்டாந்துட்டியா?"

"உன் தங்கச்சி வேலைடா."

"அத வண்டியிலயே வை. போனையும் வை. போன வருஷம் உன் போனு அடிச்சு எட்டுக் கிளைக் கொம்பன் மான் ஓடினத நான் இன்னும் மறக்கல. பேரனுக்குப் பேரன் வரைக்கும் சொல்லுவேன்."

சொல்லவும் செய்கிறான். ஊர் பாரில் பதினோரு மாதமாக டெல்மர் உள்ளே நுழைந்தால் யாராவது ஒருவர் வாயால் 'ட்ரிங் ட்ரிங்' என்பார்கள். டெல்மர் போனை வைத்தான். பெல்ட்டைக் கையில் எடுத்தான், மோந்தான், வைத்தான். ஒரு சாயங்காலம்தானே என்று நினைத்தான்.

கர்ட் ஓடையைத் தாண்டித் தன் பரணுக்குப் போய்விட்டான். டெல்மர் கழுதை சுமக்கிற சாமான்களோடு ஓக் மரத்தடிக்கு வந்தான். மரத்தில் திருகிய இரும்புப் படிகளில் ஒன்றொன்றாக ஏறிப் பரணில் கால் வைத்தான். கீழே கட்டி வைத்திருந்த வில்லையும் அம்பையும் கயிற்றால் மேலே இழுத்து மாட்டிவிட்டு, கயிற்றைத் தொங்கவிட்டான். பெல்ட் இல்லாத உடம்பு காற்றுப்போல இருந்தது. மெல்ல இருக்கையில் உட்கார்ந்தான்.

உட்கார்ந்ததுமே பின்பக்கத்தில் சுருக்கென்று ஏறியது. கத்தாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு கையை விட்டு எடுத்தான். கறுப்பு வெள்ளையாக ஒரு முள். முள்ளம்பன்றி முள்.

எங்கள் ஊர் முள்ளம்பன்றிக்கு மரம் ஏறத் தெரியும். உப்பு என்றால் உயிரையும் கொடுக்கும். மனிதன் வியர்வை பட்ட கோடாரிப் பிடியை முழுசாகத் தின்று ஏப்பம் விடும். டெல்மர் இருக்கையைப் பார்த்தான். மெத்தை பாதி இல்லை. கழுத்தை மட்டும் திருப்பி, பரணை மரத்தோடு பிடித்திருக்கும் மேல் வாரைப் பார்த்தான். கை அகலத்துக்கு இருந்த வார் பக்கவாட்டில் கடிபட்டு, சுண்டுவிரல் அகலத்துக்கு நின்றுகொண்டிருந்தது. போன சீசன் முழுக்க அவன் முதுகு சாய்ந்து, வியர்வையை ஊட்டி வளர்த்த வார். கோடை முழுக்க எதுவோ விருந்து சாப்பிட்டிருக்கிறது.

நூல் ஒன்று 'டிக்' என்று அறுந்தது.

டெல்மரின் ரத்தம் தலையிலிருந்து இறங்கி, பூட்ஸ் வழியாக வெளியே போய், ஓடையில் கலந்து மிசிசிப்பியைச் சேர்ந்தது. படி இடப்பக்கம் இருந்தது. அதில் கால் வைக்க வேண்டுமென்றால் பரணின் இடது ஓரத்தில் எழுந்து நிற்க வேண்டும். மொத்த பாரமும் அந்தச் சுண்டுவிரல் வாருக்குப் போகும். எழாமல் இருந்தால்? அப்போதும் அறுந்துவிடும், கொஞ்சம் பொறுமையாக. கீழே பார்த்தான். அவனுக்கென்றே யாரோ அடுக்கி வைத்த மாதிரி கருங்கற்கள்.

மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். லோர்னாவைக் கட்டிப்பிடித்ததுகூட அத்தனை இறுக்கமில்லை. கொசுக்கள் செய்தி சொல்லி அனுப்பி மாவட்டத்துக் கொசுவையெல்லாம் கூட்டி வந்தன. மூக்கின் நுனியில் ஒன்று உட்கார்ந்து நிதானமாகக் குடித்தது. அடிக்கக் கையைத் தூக்க முடியாது. குடித்துக்கோ மகராசி என்று விட்டுவிட்டான்.

கத்தினால் கர்ட்டுக்குக் கேட்கும். ஆனால் தொடக்க நாளில் காட்டில் கத்துவதா? எங்கள் ஊரில் சர்ச்சில் ஏப்பம் விட்டவனை மன்னித்திருக்கிறார்கள், காட்டில் கத்தியவனை மன்னித்ததில்லை. போன் அடித்ததற்கே பதினோரு மாதம். கத்தினால் கல்லறையில்கூட எழுதிவிடுவார்கள். செத்தால் கேலி இல்லை என்று ஒரு நிமிஷம் யோசித்தான். 'டிக்' என்று இன்னொரு நூல் போனது. செத்தால் லோர்னா கொன்றே போடுவாள் என்பதும் ஞாபகம் வந்தது.

அப்போதுதான் கழுத்தில் தொங்கிய ஊதுகுழல் நினைவுக்கு வந்தது. ஊதினால் கிடா மான் உறுமுகிற மாதிரியே சத்தம் வரும். காட்டு மரியாதையும் கெடாது, கர்ட்டையும் கூப்பிடலாம். மூன்று தரம் ஊதினால் ஆபத்து என்று எந்த முட்டாளுக்கும் புரியும். உர்ர்ப், உர்ர்ப், உர்ர்ப்.

ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. உர்ர்ப்.

டெல்மருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மச்சானுக்குப் புரிந்துவிட்டது! மறுபடி ஊதினான், அவசரம் என்கிற மாதிரி. அங்கிருந்தும் அவசரமாக ஒன்று. இப்படி இரண்டு பேரும் மாற்றி மாற்றி உறுமிக்கொண்டார்கள். காதில் கேட்ட நிஜ மான்கள் அடுத்த மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்திருக்கும்.

கொஞ்ச நேரத்தில் பெரணிச் செடிகள் அசைந்தன. டெல்மர் கழுத்தை ஒரு நூல் நீட்டிப் பார்த்தான். செடிக்குள்ளிருந்து முதலில் வந்தது கர்ட்டின் முகமல்ல. வில்லில் பூட்டிய அம்பின் நுனி. அதற்குப் பின்னால் கர்ட், பூனை மாதிரி குனிந்து, வாயைத் திறந்து, ஒவ்வொரு அடியாக. கண் பெரிய வேட்டைக்காரக் கண்.

டெல்மர் இலை நிறத்துச் சட்டை, இலை நிறத்துத் தொப்பி, முகத்தில் கரி. தெரிவதெல்லாம் மரத்தில் ஏதோ ஒரு மங்கலான உருவம். அசைந்தால் வார். அசையாவிட்டால் அம்பு. அவன் ஊரில் உள்ள பயம் அத்தனைக்கும் ஒத்திகை பார்த்து வைத்திருந்தான், இதற்குப் பார்க்கவில்லை.

"ம... மச்சான்..."

கர்ட் உறைந்து நின்றான். மேலே பார்த்தான். கோபத்தோடு விரலை உதட்டில் வைத்துக் கிசுகிசுத்தான். "ஷ்ஷ்! வாய மூடுடா! இங்கதான் ஒரு பெரிய கிடா உறுமிட்டிருக்கு!"

"அது நான்தான்டா!"

"எது நீ?"

"கிடா!"

கர்ட்டின் முகத்தில் ஒரு வேட்டைக்காலமே இடிந்து விழுந்தது. "அப்ப... இவ்வளவு நேரமும் நான் உன்கிட்டயா பேசிட்டிருந்தேன்?"

"வில்ல கீழ வைடா முதல்ல! வாரு அறுந்துட்டிருக்கு. முள்ளம்பன்னி தின்னுட்டுது. பெல்ட்டு இல்ல."

கர்ட் வாரைப் பார்த்தான். அந்த அகலமான ஆள் சுருங்கிப் போனான். கேலி ஒன்றும் வரவில்லை. அதுதான் டெல்மரை அதிகம் பயமுறுத்தியது.

"அசையாத மாப்ள. மூச்சுகூட பாதிதான் விடணும். நான்தானே பெல்ட்ட வைன்னு சொன்னேன்..." என்று சொல்லிக்கொண்டே வில்லைப் போட்டுவிட்டுப் பிக்கப்பை நோக்கி ஓடினான். சத்தம் போட்டு, கிளையை முறித்துக்கொண்டு, எருமை மாதிரி. காட்டு மரியாதை போயே போச்சு.

அவன் திரும்புவதற்குள் டெல்மர் தான் செய்த பாவத்தையெல்லாம் ஒப்புக்கொண்டு, செய்யாத சிலதையும் சேர்த்துக்கொண்டான். கர்ட் வந்து, வில்லை மேலே இழுக்கிற கயிற்றின் நுனியில் பெல்ட்டைக் கட்டினான். டெல்மர் ஒரு கையால் மரத்தை அணைத்தபடி, மறு கையாலும் பல்லாலும் இழுத்தான். லாவண்டர் வாசம் முதலில் வந்தது, பெல்ட் பிறகு வந்தது. தோளில் மாட்டி, தொடையில் பூட்டி, அதன் கயிற்றை மரத்தைச் சுற்றித் தலைக்கு மேல் கொக்கி போட்டான். விரல்கள் பத்தும் பத்து ஊருக்குப் போயிருந்தன.

"இப்ப இடது கால படியில வை. மெதுவா."

"முடியாதுடா."

"லோர்னாவக் கூட்டிட்டு வரட்டா?"

டெல்மர் காலை வைத்தான். பாரம் ஓரத்துக்குப் போனது. வார் ஒரு துப்பாக்கிச் சத்தத்தோடு அறுந்தது. பரண் சாய்ந்து, வில்லோடும் அம்போடும் கருங்கல்லில் போய் மோதியது. படியிலிருந்து கால் நழுவி, டெல்மர் மரத்தில் பூசணிக்காய் மாதிரி தொங்கினான். பெல்ட் தொடையை அறுத்தது. அவ்வளவு சுகமான வலியை அவன் அதுவரை அனுபவித்ததில்லை.

அப்போது ஓடைப் பக்கமிருந்து ஒரு கொம்பன் வந்தது. கொம்பில் ஆப்பிள் தோட்டமே காய்க்கலாம், அவ்வளவு கிளை. பத்தடி தூரத்தில் நின்று, மூக்கைத் தூக்கி லாவண்டர் வாசத்தை நன்றாக இழுத்தது. ஓடவில்லை. தொங்குகிறவனையும் வாயைப் பிளந்து நிற்கிறவனையும் பார்த்தது. இன்னொரு முறை இழுத்துவிட்டு, ஓக் காய் ஒன்றைப் பொறுக்கி மென்றபடி நடந்து போனது.

"மாப்ள," என்றான் கர்ட். "இத பாருல சொல்லவா?"

"சொல்லு. கிடான்னு நெனச்சு என்கிட்ட உறுமினதையும் சேர்த்துச் சொல்லு."

கர்ட் யோசித்தான். பிறகு படியேறி வந்து டெல்மரின் பூட்ஸைப் பிடித்துப் படியில் பொருத்தினான்.

வீட்டுக்கு வந்ததும் டெல்மர் பெல்ட்டை லோர்னாவின் மடியில் வைத்தான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். கை முழுக்க ஓக் பட்டைக் கீறல்.

"பெல்ட் போட்டுக்கிட்டியா?"

"போட்டுக்கிட்டேன்," என்றான் டெல்மர். எப்போது என்று அவள் கேட்கவில்லை. "அடுத்த வருஷமும் இதே லாவண்டர்லயே தொவைச்சுடு."

"ஏன், மானுக்குப் புடிச்சிருச்சா?"

"மானுக்கு எப்படியோ. எனக்குப் புடிச்சிருக்கு."

அன்று ராத்திரி அவன் கவிழ்ந்துதான் படுத்தான். முள் குத்திய இடம் அப்படி.