கையுறையில் ஒட்டிய முள்விதைகள்

எங்கள் சலவை அறையில் குழந்தை இயேசுவின் சொரூபத்தைக்கூடக் கயிறு போட்டுத்தான் கட்டி வைத்திருக்கிறோம். தென்துருவப் பக்கம் பயணிகளை ஏற்றிப் போகிற கப்பல். நடுக்கடல் அலை அப்படி. கட்டியவர் யூசேபியோ அண்ணன். என்னைப் போல பிலிப்பைன்ஸில் இலொய்லோ ஊர்க்காரர், துவைக்கிற வேலை. யார் சட்டையிலாவது பொத்தான் இல்லையென்றால் கேட்காமலே தைத்து அனுப்பிவிடுவார்.

அன்று நாள் முழுக்கக் கடல்தான். மறுநாள் பனிக்கரையில் இறங்கப்போகிறவர்களின் பூட்ஸ், கோட்டு எல்லாவற்றையும் மேல்தளத்தில் வைத்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தோம். வெளியூர் விதை ஒன்றுகூட அந்த மண்ணில் விழக் கூடாது.

லிண்ட்குவிஸ்ட் என்ற பெரியவர் மட்டும் ஒரு ஜோடி கம்பளிக் கையுறையைத் தர மறுத்தார். அதில் முள்விதைகள் அப்பியிருந்தன.

"என் மனைவியோடது. கடைசியா தோட்டத்துல நடந்தப்ப ஒட்டினது. இதைப் பிடுங்கிக் குப்பையில போடுறதா இருந்தா நான் இறங்கவே மாட்டேன்."

நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் தரையில் உட்கார்ந்தார்.

"பிடுங்க மாட்டேன் ஐயா. பொறுமையா எடுக்கறேன். பக்கத்துலயே இருந்து பாருங்க."

கப்பல் சாய்ந்தால் கையை நிறுத்துவார். நிமிர்ந்தால் சாமணத்தால் ஒரு முள்ளை எடுப்பார்.

"இந்த வேகத்துல எடுத்தா கப்பல் திரும்பி ஊருக்கே போயிரும் அண்ணே" என்றேன்.

"நீ அந்த வாயால அலையை அதட்டி நிறுத்து நெனிட்டா, நான் வேகமா எடுக்கறேன்."

பெரியவர் சிரித்துவிட்டார்.

ஓர் இழைகூட அறுபடவில்லை. சோதிக்க வந்த அதிகாரிப் பெண்ணிடம் அண்ணன் கேட்டார்: "விதைங்களை சீசாவுல மூடி, கப்பலை விட்டு எறக்காம நான் வச்சிருக்கலாமா மேடம்? ஊர் திரும்புறப்ப ஐயாகிட்ட குடுத்துடறேன்."

அவள் யோசித்தாள். பிறகு தானே மூடியைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டினாள்.

"வீட்டம்மா பேரு என்னங்க ஐயா?" என்று அண்ணன் பெரியவரிடம் கேட்டார்.

"ஆஸ்ட்ரிட்."

சாயங்காலம் சலவை அறையில் ஜெபமாலை சொன்னோம். சொரூபத்தைக் கட்டிய அதே கயிற்றில் சீசாவும் நின்றது. இறந்தவர்களுக்காக வேண்டும்போது, தன் தாயின் பெயரை அடுத்து அண்ணன் ஆஸ்ட்ரிட் பெயரையும் சொன்னார்.

காலையில் துண்டு கொண்டுபோகிற சாக்கில் மேலே ஓடினேன். அந்தச் சின்னக் கையுறைகள் பெரியவர் கைக்கு ஏறவில்லை. ஒன்றைப் பையில் வைத்து, மற்றதை, ஒருத்தியின் கையைப் பிடிப்பதுபோலப் பிடித்தபடி படகில் இறங்கினார்.

அண்ணனிடம் ஓடி வந்து சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கையுறையை நனைச்சுட்டு வந்தா எங்கிட்டயே குடுக்கச் சொல்லு. அதையெல்லாம் மெஷின்ல போடக் கூடாது."