ஸ்டார் ஏத்தின அன்னைக்கு

அந்த மூன்று மாடித் துணிக்கடையில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ஏணி என்றால் அவர்தான். போர்டு மாட்ட, பல்பு மாற்ற, மேல்மாடி ஜன்னலுக்கு வெளியே தொங்கி ஒட்டடை அடிக்க, எல்லாவற்றுக்கும் ஏணி. உச்சிப் படியில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, "டீ வந்தாச்சா?" என்று கீழே விசாரிக்கிற ஆசாமி.

இப்பேர்ப்பட்ட வீரர் உலகத்தில் அஞ்சியது ஒரே ஒரு சமாசாரத்துக்கு: வெள்ளைக் கோட்டு. ஆஸ்பத்திரி இருக்கிற தெரு வந்தால் எதிர்ச்சாரிக்கு மாறிவிடுவார். மருந்து நெடி அடித்தாலே மூக்கைப் பொத்திக்கொண்டு நடையைக் கட்டுவார்.

கட்டிக்கு இதெல்லாம் தெரியுமா? கோடை தொடங்கும்போது அது அவருடைய தாடைக்குக் கீழே வந்து உட்கார்ந்துகொண்டது. கண்டுபிடித்தவள் மனைவி. சட்டைக் காலரைச் சரிசெய்யப் போன கை அங்கேயே நின்றுவிட்டது.

"வலிக்குதா?"

"துளிகூட வலிக்கல."

"வலிக்கலன்னாதாங்க பயமே. நாளைக்கே டாக்டரப் பாக்கணும்."

ஏணிக்குச் சாமர்த்தியமான வாய். "நான் எங்கயாவது ஓடியா போறேன்? கடையில ஸ்டார் ஏத்துவோம்ல, அன்னைக்கே உன்கூட வர்றேன். உன் தலைமேல சத்தியம்."

அந்தக் கடைக்காரர்களுக்குக் கிறிஸ்துமஸ் என்பது தேதி அல்ல. வாசலுக்கு மேலே பெரிய காகித நட்சத்திரத்தைக் கட்டுவதுதான் கிறிஸ்துமஸ். 'ஸ்டார் ஏத்தியாச்சு' என்றால் சீசன் வந்துவிட்டது என்று அர்த்தம். ஏத்துகிறவர் இவர். ஏறுகிற மாதம் டிசம்பர். அதற்குள் கட்டி மனம் மாறிப் போய்விடலாம், டாக்டர் வேலை மாறிப் போய்விடலாம், மனைவி மறந்தும் போகலாம். இந்தக் கடைசி நம்பிக்கைதான் எல்லாவற்றிலும் அசட்டுத்தனமானது.

மனைவி காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை கட்டியைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லமாட்டாள், பார்ப்பாள், அவ்வளவுதான். பார்வை தாங்காமல் ஏணி தாடி வளர்த்தார். தாடி பொய் சொல்லத் தெரியாமல் முழு வெள்ளையாக வளர்ந்து, ஆகஸ்ட் மாதத்தில் கழுத்தை மூடியது. கட்டி மறைந்தது. கண்ணுக்குத்தான் மறைந்தது, தூங்குவதற்கு முன்னால் விரல் தானாகப் போய் அதைத் தேடும். நேற்றைக்குக் கோலிக்குண்டு, இன்றைக்கு அதைவிடக் கொஞ்சம் பெரிசோ? விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, திரும்பிப் படுத்து, தூங்குகிறவரைப் போல மூச்சு விடுவார். பக்கத்தில் அவளும் அதே மாதிரி மூச்சு விட்டுக்கொண்டிருப்பாள்.

முதலாளிக்கு வேறு பயம். எதிர்க்கடை அவருடைய மச்சானுடையது. போன தடவை மச்சான் முந்திக்கொண்டு கிறிஸ்துமஸ் தள்ளுபடி போட்டதிலிருந்து முதலாளி குடும்ப விருந்துகளில் தலைகுனிந்துதான் சாப்பிட்டார். ஒரு நாள் காலை, வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், அவர் கண் ஏணியின் தாடியில் விழுந்தது.

"அடடா! கடைமேல உனக்கு இவ்வளவு விசுவாசமாய்யா? இப்பவே கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்துக்குத் தாடி வளத்துட்டியே!"

"அய்யோ முதலாளி, இது அதுக்கில்ல..."

"தாத்தாவே ரெடி, கிறிஸ்துமஸுக்கு என்ன கேடு? மச்சான் வாயப் பொளக்கணும். எடுய்யா ஸ்டார!"

ஏணி எந்தத் தாடிக்குப் பின்னால் ஒளிந்தாரோ, அந்தத் தாடியே அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது. "ஆகஸ்ட்ல ஸ்டாரா? ஊரே சிரிக்கும் முதலாளி" என்று கெஞ்சிப் பார்த்தார். "சிரிச்சுக்கிட்டே வாங்குவாங்க" என்று பதில் வந்தது. கம்பளிச் சிவப்புக் கோட்டையும் மாட்டிவிட்டார்கள்.

கோட்டுக்குள் வெந்துகொண்டே ஏணி ஏறினார். வாழ்க்கையில் முதல் தடவையாக இரண்டு கையாலும் படியைப் பிடித்துக்கொண்டார். தனக்குத் தானே தூக்குக்கயிறு கட்டுகிறவரைப் போல ஸ்டாரைக் கட்டினார். கட்டி முடித்ததும் ஒரு தந்திரம் தோன்றியது: உள்ளே கையை விட்டு பல்பை அரைத் திருகு தளர்த்திவிட்டார்.

"எரியலையே!" என்று முதலாளி கத்தினார்.

"பல்பு போச்சு போல முதலாளி!" என்று சொல்லிக்கொண்டே கீழே பார்த்தார். ஏணியின் அடியில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் பாதி வழியில் இறங்கி வந்திருக்கிறாள். மூச்சு வாங்கியது.

"இறங்குங்க. போலாம்."

"எங்க? இது சும்மா ட்ரையலு..."

"ஸ்டார் ஏத்தற அன்னைக்குன்னு சொன்னீங்க. ஏத்தியாச்சு."

"ஏத்தறதுன்னா என்னம்மா? விளக்கு ஏத்தற மாதிரி. எரியணும். இது வெறுமனே தொங்குது!"

அவள் முதலாளி பக்கம் திரும்பினாள். "அண்ணே, பல்பெல்லாம் நல்லாதான் இருக்கும். இவரு திருகி விட்டிருப்பாரு. இறுக்கச் சொல்லுங்க."

ஏணி இறுக்கினார். பட்டப்பகலில் நட்சத்திரம் பளிச்சென்று எரிந்தது. கீழே நின்றவர்கள் கைதட்டினார்கள். அவள் தட்டவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதைப் பார்த்த பிறகு ஏணிக்கு இன்னொரு பொய் சொல்ல வாய் வரவில்லை.

சிவப்புக் கோட்டோடு போனதால் ஆஸ்பத்திரி பெஞ்சில் இருந்த குழந்தைகளெல்லாம் பரிசு கேட்டன. டாக்டரம்மா கேட்டது தாடியை. ஒரு பக்கத்தைச் சிரைத்து, கட்டியைத் தொட்டு, ஊசி போட்டு உள்ளே இருப்பதில் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பக்கம் தாடி, ஒரு பக்கம் பஞ்சு என்று திரும்பி வந்தவரைப் பார்த்து முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். எதிர்க்கடை வாசலில் மச்சான் அதற்குள் முழுத் தாடியோடு ஒரு தாத்தாவை நிறுத்தியிருந்தார்.

அடுத்த வாரம் முடிவு வந்தது. "பயப்படற மாதிரி எதுவும் தெரியலங்க. ஆனா முழுசா எடுத்துப் பார்த்தாதான் உறுதியா சொல்ல முடியும். எப்ப வச்சுக்கலாம்?" என்றார் டாக்டரம்மா.

ஏணியின் பழகிய வாய் பழகிய வழியிலேயே போனது. "கிறிஸ்துமஸ் முடியட்டும் டாக்டர், மறுநாளே..."

"முடிஞ்சிடுச்சுங்க" என்றாள் மனைவி.

"என்னது?"

"காலையில நீங்க வரிசையில நிக்கறப்ப கடைப்பக்கம் போனேன். உங்க முதலாளி, மச்சானுக்கு முந்தணும்னு ஸ்டார இறக்கிட்டு, புத்தாண்டுத் தள்ளுபடின்னு போர்டு மாட்டிட்டாரு."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவைத் திறந்தார். "அப்ப நாளைக்குக் காலையில."

ஏணியின் கை மேசைக்கு அடியில் துழாவி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கையும் சில்லென்றுதான் இருந்தது.